சபதம் எடுக்காத நரம்பு

முதல் அறிகுறி தாகம். ஐம்பதுகளில் எங்கள் தாலுகாவைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்ட எல்லைப் போராட்டக் கூட்டங்களில் தொண்டை கிழியக் கத்துகிறவனுக்குத் தாகம் எடுக்காதா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பாறசாலை வட்டாரத்தில் என் குரல்தான் பெரிது. வீட்டில்தான் ஒன்றும் எழும்பவில்லை.

விறைப்பு தளர்ந்தது. அரிதாகக் கைகூடிய நாளிலும் உச்சம் வந்ததே தவிர விந்து வரவில்லை. இதை எழுத இப்போதும் காது சூடாகிறது. உங்களுக்கும் இதே நிலை என்றால் சேர்ந்தே வெட்கப்படுவோம், பாதி குறையும்.

நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் நல்ல டாக்டர் இருந்தார். ஆனால் தாலுகா தமிழ்நாட்டோடு சேரும்வரை மலையாள சர்க்காரின் படி மிதிப்பதில்லை என்று மேடையில் சபதம் செய்திருந்தேன். மற்றவர்கள் தாலுகா கச்சேரி என்ற அலுவலகத்தோடு நிறுத்தினார்கள். நான்தான் கைதட்டலில் மயங்கி ஆஸ்பத்திரியையும் சேர்த்துவிட்டேன்.

ஆகவே பெருங்கடவிளை வைத்தியரிடம் போய் பலக்குறைவு என்று மட்டும் சொன்னேன். தாகத்தைச் சொல்லவில்லை, அவர்மேல் குற்றமில்லை. கருப்பட்டிப் பாகில் கிண்டிய லேகியம் கொடுத்தார். நோய்க்கு நானே விருந்து வைத்தேன்.

என் மனைவி தங்கம் வேறு கணக்குப் போட்டிருந்தாள். ஒருநாள் ஆரியங்கோட்டில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போகத் துணி மடித்து வைத்துவிட்டுக் கேட்டாள்:

"கூட்டம் கூட்டமுண்ணு போற காட்டாக்கடையில ஆரெங்கிலும் பெண்ணு உண்டா? உண்டுமானா சொல்லீருங்க."

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன், சபதம் உட்பட. மடித்த துணியைத் திரும்பக் கொடியில் போட்டாள்.

"சபதம் எடுத்தது நீங்களாக்கும். உங்க நரம்பு எடுக்கல்ல. வாருங்க."

நெய்யாற்றின்கரை டாக்டர் மலையாளி. மேடையில் நான் அவருடைய ஆட்களை என்னவெல்லாம் சொன்னேன் என்பது அவருக்குத் தெரியும். சிரித்தபடி சிறுநீரை நீல மருந்தோடு கொதிக்கவைத்தார். அது செங்கல் நிறமானது. நீரிழிவு (இரத்தத்தில் சர்க்கரை மிகுவது).

"நாணம் வேண்டாம் ஓய். எழும்பாதது ஒண்ணு, வராதது ஒண்ணு. வேரு ரெண்டுக்கும் ஒண்ணாக்கும்."

சர்க்கரை நரம்பைத் தளர்த்தினால் மூத்திரப்பையின் வாய் மூடாது. விந்து முன்னால் வராமல் பைக்குள் போய்விடும் (பின்னோக்கிப் பாய்தல்). அதனால் உயிருக்கு ஆபத்தில்லை. எல்லை, எல்லை என்று கத்தியவனுக்கு உள்ளேயே ஒரு வாசல் திறந்து கிடந்திருக்கிறது. இரத்த அழுத்தம், சில மாத்திரைகள், சாராயம், மனக்கலக்கம் இவையும் விறைப்பையோ விந்தையோ இப்படிக் கெடுக்கலாம் என்றார். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள்.

வெளியே வந்ததும் தங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "அப்பம் காட்டாக்கடையில உள்ள அவ பேரு சர்க்கரையாக்கும்."

ஊசியும் பத்தியமும் தொடர்ந்தன. விறைப்பு மெல்லத் திரும்பியது, தினமும் இல்லை. விந்து வரவேயில்லை. எங்கள் ஊரும் தமிழ்நாட்டுக்குப் போகவில்லை. இரண்டோடும் வாழப் பழகிவிட்டேன்.

முன்பு படுக்கையிலும் கூட்டத்துக்கு நேரமானவன்போலத் துடிப்பேன். இப்போது அவசரம் இல்லை. இயலாத நாளில் தங்கம் என் மடியில் காலைப் போட்டுக்கொண்டு ஊர்க்கதை சொல்வாள். அதுவும் உடம்பின் வேலைதான் என்று நோய் வந்துதான் தெரிந்தது. அந்த டாக்டரை நினைக்காத நாளில்லை.

காலையில் இனிப்பில்லாத காப்பியை நீட்டும்போது அவள் சொல்வாள்: "அவ இண்ணும் வரல்ல. குடிங்க."