எதைக் கேட்டாலும் 'ஆமா' சொல்லும் தம்பியோடு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு

வழக்கமாக இங்கே அருவி, கோயில், மலைப்பாதை என்றுதான் எழுதுவேன். போன வாரம் ராஜபாளையத்திலிருந்து ஓர் அம்மா கேட்டிருந்தார். மூளை வளர்ச்சி குறைந்த மகன்மேல் வழக்காம். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு அவனை எப்படிக் கூட்டிப்போவது என்று கேட்டார். தொண்ணூறுகளின் நடுவில், ஒரு வருடத்துக்கு மேல், என் தம்பி பால்ராஜை அழைத்துக்கொண்டு நான் போய்வந்த வழி அது.

அப்போது அவனுக்கு இருபத்தாறு வயது, புத்தி ஆறு வயதுப் பிள்ளையுடையது. அப்பா, அம்மா இல்லை. நான் வேலை பார்த்த பேண்டேஜ் கம்பெனியிலேயே அவனும் துணி மடிப்பான். ஆண்டாள் கோயில் ஆடித் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தபோது கூட்டத்தில் பிரிந்துவிட்டோம். மறுநாள்தான் போலீஸ் ஸ்டேஷனில் அவனைப் பார்த்தேன். வெயிலில் கட்டிக்கிடந்த ஆடு கத்துகிறதே என்று அவிழ்த்து நிழலுக்கு ஓட்டிப்போயிருக்கிறான். பிடித்தவர்கள் அடித்ததில் உதடு கிழிந்திருந்தது. போலீஸ்காரர்கள் அதோடு விடவில்லை. ஊரில் காணாமல் போன சைக்கிள்களையும் நீதானே எடுத்தாய் என்று கேட்டிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் "ஆமா" என்றிருக்கிறான். அவனுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. ஜாமீன் கிடைக்கும்வரை கிளைச்சிறையில் கிடந்தான்.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பன்னிரண்டு கிலோமீட்டர், பஸ்ஸில் அரை மணி நேரம். டிக்கெட் அப்போது இரண்டு ரூபாய் சொச்சம். தூரம் ஒன்றுமில்லை. ஆனால் சிறைக்குப் போய் வந்த பிறகு காக்கிச் சட்டையைக் கண்டாலே பால்ராஜ் என் முதுகுக்குப் பின்னால் ஒளிவான், பஸ்ஸிலோ டிரைவர், கண்டக்டர் இருவருக்குமே காக்கி. முதல் வாய்தாவுக்குப் போகும்போது கண்டக்டர் அவனைப் பார்த்து, "டிக்கெட் எடுத்தாச்சாலே?" என்றார்.

"ஆமா."

"எங்க, காட்டு."

"ஆமா."

கண்டக்டர் முறைத்தார். "அவனுக்குப் புரியாதுண்ணே, நான் இனிமேதான் எடுக்கணும்" என்று நான் காசை நீட்டினேன். அடுத்த முறையிலிருந்து அதே கண்டக்டர் அவனுக்கு ஜன்னல் சீட்டு பிடித்துக் கொடுத்தார். நீங்களும் ஏறியவுடனே சொல்லிவிடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

கோர்ட் வாசலில் காலையிலேயே நிற்க வேண்டும். பல நாள் மதியம்வரை நின்று, அடுத்த வாய்தா தேதி வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறோம். எனக்கு அன்றைய சம்பளம் போய்விடும். புகார் கொடுத்த ஆட்டுக்காரியும் செண்பகத்தோப்புப் பக்கமிருந்து வந்து எங்களோடு வேப்பமர நிழலில் உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் அவளாகவே, "ஆடுதான் அன்னைக்கே கெடச்சிருச்சே தாயி. இவன் இப்படின்னு தெரிஞ்சிருந்தா நான் ஸ்டேஷனுக்கே போயிருக்க மாட்டேன். எம்புட்டு வேல கெடக்கு வீட்டுல" என்றாள். எனக்கு அவள்மேல் கோபப்படக்கூடத் தெம்பில்லை.

எங்கள் வக்கீல் கெட்டவர் இல்லை. அவரும் அலுத்துப்போயிருந்தார். ஒருநாள் காலை தனியாகக் கூப்பிட்டு, "இன்னைக்கு ஒத்துக்கிடச் சொல்லும்மா. உள்ள இருந்த நாளைக் கழிச்சிருவாங்க, மிச்சம் கொஞ்ச நாள்தான் இருக்கும். நீ இப்படி அலைய வேண்டாம்லா?" என்றார்.

அலைய வேண்டாம் என்ற சொல் அவ்வளவு இனிப்பாக இருந்தது. சரி என்று சொல்லவே வாய் வந்துவிட்டது. பக்கத்தில் பால்ராஜ் உதட்டுத் தழும்பைத் தடவிக்கொண்டு நின்றான். மிச்ச நாள் எத்தனையானாலும் இவன் உள்ளே தாங்கமாட்டான். "வேண்டாம் சார்" என்றேன்.

அன்றே அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். மாஜிஸ்ட்ரேட் குற்றச்சாட்டைப் படித்து, "ஒத்துக்கொள்கிறாயா?" என்றார். "ஆமாய்யா" என்றான். வக்கீல் குனிந்துகொண்டார். எங்கிருந்து துணிச்சல் வந்ததோ, நான் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டேன்.

"ஐயா, அவன் எதைக் கேட்டாலும் ஆமாம்பான். ஆண்டாள் தேரைத் திருடுனியான்னு கேட்டுப் பாருங்க."

காவலர் என்னை அதட்டினார். மாஜிஸ்ட்ரேட் கையமர்த்திவிட்டு அவனிடம் கேட்டார்: "தேரைத் தூக்கிக்கிட்டுப் போனது நீதானா?"

"ஆமாய்யா."

"எங்கே வைத்திருக்கிறாய்?"

பால்ராஜ் திணறி என்னைப் பார்த்தான். "அக்காட்ட இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். மாஜிஸ்ட்ரேட் சிரிக்கவில்லை. பேனாவை மூடிக் கீழே வைத்தார். அவன் சொன்னதைப் பதிவு செய்யாமல், மதுரை பெரியாஸ்பத்திரியில் பரிசோதிக்க உத்தரவிட்டார்.

அதற்கப்புறமும் அலைச்சல்தான். மதுரைக்கு இரண்டு முறை போனோம். கோர்ட் அனுப்பிய நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வந்து, பக்கத்து வீட்டிலும் கம்பெனியிலும் விசாரித்தார். கடைசியில் சைக்கிள் வழக்குகள் நிற்கவில்லை. ஆட்டு வழக்கில் சிறைக்கு அனுப்பாமல், என் பொறுப்பில் எழுதி வாங்கி அவனை விட்டார்கள். நான் மாஜிஸ்ட்ரேட்டைக் கும்பிடும் முன்பே ஆட்டுக்காரி கையெடுத்துக் கும்பிட்டாள்.

வெளியே வந்ததும் பால்ராஜ், "நாளைக்கும் வரணுமாக்கா?" என்றான். வேண்டாம் என்றேன். சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். தூக்கம்தான் வந்தது. திரும்பும் பஸ்ஸில் அவன் தோளில் சாய்ந்து தூங்கியிருக்கிறேன். அவன்தான் இறங்குமிடத்தில் எழுப்பினான்.

இனி, கேட்ட அம்மாவுக்கு. தெரியாது என்று சொல்லப் பழக்குங்கள் என்பார்கள். நானும் பழக்கிப் பார்த்தேன், தன் பெயரைக் கேட்டாலும் தெரியாது என்றான். அதை நம்பாதீர்கள். பள்ளிச் சான்றோ டாக்டர் சீட்டோ எது இருந்தாலும் முதல் நாளே வக்கீலிடம் கொடுங்கள். நன்னடத்தை அலுவலர் விசாரணை கேட்கச் சொல்லுங்கள். தயிர்சாதம், தண்ணீர், மாற்றுத்துணி எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் எப்போது கூப்பிடுவார்கள் என்று சொல்ல முடியாது. டீ குடிக்கக்கூட நகராதீர்கள். உங்கள் பிள்ளை உள்ளே போகும்போது கூடவே போங்கள். உட்காரச் சொன்னால் உட்காருங்கள். அவன் பதில் சொல்ல வாய் திறக்கும்போது எழுந்து நில்லுங்கள்.