கன்னம் படாத யானைகள்

எங்கள் தெருவிலிருந்து பி.ஏ. வரை படித்த முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமே கிடையாது. ஆனால் எங்கள் தெருவிலிருந்து போய், விருத்தாசலத்துச் சூளையில் சொந்தச் சரக்கை ஏற்றிய முதல் ஆள் பாஞ்சாலை அக்கா. இரண்டில் எது கடினம் என்று கேட்டால், பரீட்சையில் என் விடைத்தாளைத் தொடமாட்டேன் என்று யாரும் சொன்னதில்லை என்பேன்.

அக்காவும் அவர் புருஷன் காத்தவராயன் மாமாவும் கருவேப்பிலங்குறிச்சிப் பக்கத்து எங்கள் காலனியை விட்டு, பீங்கான் வேலைக்கென்று விருத்தாசலம் வந்து ஊர்க்கோடியில் குடிசை போட்டவர்கள். மாமா மூட்டை தூக்கினார். அக்கா ஒரு பட்டறையில் களிமண் மிதித்தார். மிதித்துக்கொண்டே, மண்ணைப் பாலாகக் கரைத்து அச்சில் எப்படி ஊற்றுகிறார்கள், எப்போது அச்சைப் பிரிக்கிறார்கள் என்று பார்த்து வைத்துக்கொண்டார். மூலையில் வீசிய உடைந்த யானை அச்சு ஒன்றைக் கேட்டு வாங்கி, ஒட்டுப் போட்டு, வீட்டிலேயே யானை வார்த்தார். முதலில் வார்த்ததை எல்லாம் வறட்டி போட்டுச் சுட்டுப் பார்த்தார். எல்லாம் கருத்து, வாயைப் பிளந்தன. இந்த மண்ணுக்கு அந்தச் சூடு போதாது, சூளைதான் வேண்டும்.

இதற்குள் பட்டறைக்காரருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "சொந்தமா தொழில் பண்றவளுக்கு இங்க என்னா வேல?" என்று நிறுத்திவிட்டார். கூலியும் போயிற்று. சிதம்பரத்துப் பொம்மைக்கடைக்காரர் ஒருவர் மட்டும், நவராத்திரிக்கு முன்னால் யானை வந்தால் எடுத்துக்கொள்கிறேன், பிந்தினால் இந்தப் பக்கமே வராதே என்று சொல்லியிருந்தார்.

பீங்கான் தொழிற்பேட்டைக்கு வெளியே சில சிறு பட்டறைக்காரர்கள் கூட்டாக வைத்திருந்த ஒரு சூளை இருந்தது. இடம் கேட்டால் கொடுப்பார்கள். ஆனால் ஒரு கட்டுப்பாடு. ஈரம் உள்ள பச்சைப் பொருள் ஒன்று உள்ளே போனாலும் அது சூட்டில் வெடித்து, பக்கத்துச் சரக்கையும் நாசமாக்கும். அதனால் ஒருவர் சரக்கை இன்னொருவர் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். சில்லென்றிருந்தால் ஈரம், வெளியே எடுத்துவிட வேண்டும். தன் சரக்கைத் தானே பார்த்துக்கொண்டால் செல்லாது.

அக்கா கூடையை இறக்கியதும் ஜாடிக்காரர் தனக்கோடி கேட்டார்: "ஒன் சரக்க யாரு கன்னத்துல வெச்சுப் பாக்கறது?"

"ஏன், நீங்களே பாருங்களேன்."

யாரோ சிரித்தார்கள். தனக்கோடி சிரிக்கவில்லை. "வெந்து வந்தா தொடுவோம். பச்சையா எப்படிம்மா?"

அவருடைய ஜாடிக்கான மண்ணைப் பட்டறையில் மிதித்துக் கொடுத்ததே அக்காவின் கால்தான். கால் மிதித்த மண்ணில் இல்லாத தீட்டு, கை செய்த யானையில் வந்து ஒட்டிக்கொண்டது. கூடை திரும்பி வந்தது.

அக்கா அழவில்லை என்று எழுத ஆசைதான். அழுதார் என்று மாமா சொன்னார். முகம் கழுவிவிட்டுக் கண்ணாடி பார்த்தபோது, விம்மிய மூச்சு பட்டுக் கண்ணாடி மங்கியது. அதைத் துடைக்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாராம்.

அடுத்த சூளைதான் நவராத்திரிக்கு முன் கடைசி. அறுபத்தொன்பதாம் வருஷத்துப் புரட்டாசி. வானம் இரண்டு நாளாக மூடியே கிடந்தது. அக்கா கூடையோடு அந்தக் கண்ணாடியையும் கொண்டுபோனார். அன்று நான் அங்கே இல்லை. ஆனால் அக்கா சொன்னதும், சூளைக்குத் தலைவராக இருந்த சக்கரபாணி பிறகு என்னிடம் சொன்னதும் அப்படியே ஒத்துப்போகின்றன.

"ஐயா, நீங்க யாரும் தொட வேணாம். யானைய வெயில்ல வெச்சு, சூடேறினதும் கண்ணாடி மேல நிக்க வெக்கிறேன். ஈரம் இருந்தா கண்ணாடி வேர்க்கும். பாக்கறதுக்குக் கண்ணு போதும்."

சக்கரபாணி தாடையைச் சொறிந்தார். "கண்ணாடிக்கு ஓரவஞ்சன தெரியாது. வெச்சுக் காட்டு."

மேகம் விலகி வந்த வெயிலில் சூடேறிய முதல் யானையை நிறுத்தி எடுத்தார். கண்ணாடி தெளிவாக இருந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை எடுத்தபோது நாலு கால் இருந்த இடத்திலும் நாலு வட்டம் பனி படிந்திருந்தது.

"பாத்தியா, யானை மூத்திரம் பேஞ்சிட்டுது!" என்றார் தனக்கோடி. இந்த முறை எல்லாரும் சிரித்தார்கள்.

மாமா காதோரம் குனிந்தார். "போதும் புள்ள. கூடையத் தூக்கு, போயிடலாம்."

அக்கா கண்ணாடியைத் துடைத்து மறுபடி வைத்துப் பார்த்தார். மறுபடி நாலு வட்டம். உடம்பு காய்ந்திருக்கிறது, கெட்டியான கால்களில்தான் ஈரம் நிற்கிறது. சக்கரபாணியைப் பார்த்துக் கேட்டார்: "வாசல் எப்பங்க மூடுவீங்க?"

"கொத்தனாரு கல்லு வெக்க ஆரம்பிச்சாச்சு. கடைசிக் கல்லு வெக்கிற வரைக்கும் ஒனக்கு டைமு. அதுக்கப்புறம் ஐயனாரே வந்து கேட்டாலும் எடம் கெடையாது."

அக்கா தரையில் உட்கார்ந்தார். தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவி, ஒரு யானையைத் தலைகீழாகப் பிடித்துக் காலுக்குள் சுரண்ட ஆரம்பித்தார். உள்ளே குடைந்தால் கால் மெல்லிசாகும். மெல்லிசானால் ஈரம் போகும். முதல் யானையின் கால் முறிந்தது. இரண்டாவதும் முறிந்தது. மாமா முறிந்ததைப் பொறுக்க வந்தார். "அத வுடு. இந்தா, இதக் குடை" என்று அக்கா ஒரு யானையையும் ஒரு முள்ளையும் அவர் கையில் கொடுத்தார். மூட்டை தூக்கிய கை முள்ளைப் பிடித்துக் குடைந்தது.

போன சூட்டில் வெந்த சூளையின் முதுகு இன்னும் முழுசாக ஆறவில்லை. குடைந்து முடித்த யானைகளை அக்கா எம்பி எம்பி அதன் தோளில் காய வரிசையாக வைத்தார்.

"ஏ, சூள மேல பொம்பள ஏறக்கூடாது!" என்று ஒருவர் கத்தினார்.

"நான் எங்கங்க ஏறினேன்? யானைதான் ஏறுது."

மேற்கே இடி உருண்டது. "சாமிக்கண்ணு, சட்டுனு வையிப்பா, மழ வருது" என்று தனக்கோடி கொத்தனாரை விரட்டினார். சாமிக்கண்ணு கரண்டியைக் கீழே வைத்துவிட்டு டீக்கடைக்குப் போனார். திரும்பி வந்து இன்னும் ஒரு வரிசை வைத்துவிட்டு மறுபடியும் போனார். ஏன் என்று அவர் சொன்னதுமில்லை, யாரும் கேட்டதுமில்லை.

முதல் தூறல் விழும்போது கண்ணாடியை மறுபடி எடுத்தார்கள். இந்த முறை சக்கரபாணியே குனிந்து பார்த்தார். ஒன்று, தெளிவு. அடுத்தது, தெளிவு. கூடையில் வந்ததில் பாதிக்கு மேல் முறிந்து போயிருந்தது. மிச்சம் எல்லாம் தெளிவு. வாசலில் ஒரு ஆள் நுழையும் அளவுக்குத்தான் சந்து இருந்தது. "உள்ள வெச்சிட்டு வா" என்றார்.

சூளை எரிந்த இரண்டாம் நாள் உள்ளே ஏதோ 'டப்' என்று வெடித்தது.

"யானைதான்" என்றார் தனக்கோடி. "எல்லாருஞ் சேந்து நஷ்டத்த அவகிட்ட கேக்கணும்." சூளை ஆறும்வரை காத்திருந்தார்கள். பிரிக்கிற அன்றைக்குப் போகவேண்டாம் என்றார் மாமா. "போவலன்னா வெடிச்சது நம்மளுதுன்னு ஆயிடும்" என்று சொல்லி அக்கா முதல் ஆளாகப் போய் நின்றார்.

வாசல் கல்லை எடுத்தார்கள். வெடித்தது யாருடைய சரக்கும் இல்லை. சரக்கு அடுக்கும் பலகைக்கல் ஒன்றுதான் சூடு தாங்காமல் பிளந்திருந்தது. யானைகள் வெள்ளை வெளேரென்று, தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நின்றன. தனக்கோடி ஒன்றை எடுத்துக் கால்களுக்கு அடியில் பார்த்தார். குடைந்திருந்ததைப் பார்த்தார். அக்காவின் கூடைக்குள் வைத்தார்.

வர்ணம் பூசி, நவராத்திரிக்கு முன்பே சிதம்பரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அடுத்த வருஷம் அச்சு எல்லாம் புதுசு. கால் உள்ளே பொள்ளலாகவே வார்க்கிற மாதிரி அக்கா சொல்லிச் செய்தது. இன்றைக்கு அவர் குடிசைக்குப் பக்கத்தில் சொந்தக் கொட்டகை நிற்கிறது. சொந்தச் சூளைக்கு அஸ்திவாரம் தோண்டியிருக்கிறார். தோண்டிய குழியில் இரண்டு மழை நின்று மண் சரிந்துவிட்டது. இடத்தை மேட்டுக்கு மாற்றி மறுபடி தோண்டுகிறார்.

அந்தக் கூட்டுச் சூளைச் சுவரில் இப்போது ஒரு கண்ணாடி மாட்டியிருக்கிறது. ஜாடியோ பொம்மையோ, அதை இறக்கி எல்லார் சரக்கையும் அதன் மேல் வைத்துத்தான் பார்க்கிறார்கள். போன மாதம் அக்காவிடம் கேட்டேன்: "கடைசி வரைக்கும் ஒருத்தராவது ஒன் யானையக் கன்னத்துல வெச்சுப் பாத்தாங்களாக்கா?"

"இல்ல" என்றார், மண்ணைப் பிசைந்துகொண்டே. "அவங்க கன்னத்துக்கு நான் எதுக்குடா ஆசப்படணும்? நான் கேட்டது சூளையில எடம்."