பற்பொடி பூசிய வீடு

வடித்த கஞ்சியில் வெள்ளைப் பற்பொடியைக் குழைத்து, சுவர் விரிசலில் விரலால் அப்பிக்கொண்டிருக்கிறாள் சகாயம்மாள். நடவுக்குப் போகும் பெண்கள் வாசலில் வந்து கூப்பிடுவதற்குள் விரிசல் மறைந்தாக வேண்டும். இந்த வைத்தியத்தால் அந்த வீட்டில் எந்த நேரமும் யாரோ அப்போதுதான் பல் தேய்த்துவிட்டுப் போன வாசனை அடிக்கும்.

குடவாசல் பக்கத்தில், வாய்க்காலை ஒட்டி வரிசையாக நிற்கும் தொகுப்பு வீடுகளில் ஒன்று அவளுடையது. அரசாங்கம் கட்டிக் கொடுத்தது. கணவர் பெரியநாயகசாமி காலமாகிவிட்டார். மகன் எல்வின் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் இருக்கிறான். அவன் சம்பளம் அவன் அறை வாடகைக்கே சரியாக இருக்கிறது. மழை வந்தால் காங்கிரீட் கூரை ஒழுகும். ஒழுகும் இடத்திலெல்லாம் பாத்திரம் வைப்பாள். யாராவது வந்துவிட்டால் பாத்திரத்துக்குள் பழந்துணியைப் போட்டுச் சொட்டுச் சத்தத்தை அடக்கிவிடுவாள். போன ஐப்பசியில் தலையணைக்கு ஒரு சாண் தள்ளிக் காரை பெயர்ந்து விழுந்தது. பாயை நகர்த்திப் போட்டுக்கொண்டாளே தவிர, யாரிடமும் மூச்சுவிடவில்லை.

"குடிசையில இருந்தப்ப போறவன் வர்றவன்லாம் குனிஞ்சு பாத்துட்டு உச்சுக் கொட்டுவான். வீடுன்னு ஒண்ணு வந்தப்புறமும் உச்சுக் கொட்டவிடுவனா?" என்பாள்.

பழைய தொகுப்பு வீடுகளைப் பழுதுபார்க்க அரசாங்கம் பணம் தரப்போகிறது என்று செய்தி வந்தது. தெருவே கூரையைக் காட்டக் காத்திருந்தது. ஒன்றிய அலுவலகத்து ஓவர்சியர் அரசப்பன் வருவதற்கு முதல் நாள், சகாயம்மாள் கடன் வாங்கிய ஏணியில் ஏறிக் கூரையின் அடிப்பக்கத்துக் குழிகளைப் பற்பொடிக் குழம்பால் அடைத்துச் சுண்ணாம்பு அடித்துவிட்டாள். அவர் அண்ணாந்து பார்த்தார்.

"தெருவுலயே இந்த வீடுதாம்மா நல்லா இருக்கு. ஒழுகுதா?"

"கொஞ்சம் ஈரம் காட்டும் சார்."

அவர் பாராட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். பெருமை தாங்காமல் பக்கத்து வீட்டு நீலாம்பாளிடம் போய்ச் சொன்னாள். நீலாம்பாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"யக்கா, அவரு என்ன பொண்ணு பாக்கவா வந்தாரு? ஒன் வீடு இடிஞ்சு ஒன் தலையில விழுந்தா யாரு வருவா?"

நீலாம்பாளே ஒன்றிய அலுவலகத்துக்கு நடையாய் நடந்து, அரசப்பனை மறுபடி வர ஒப்புக்கொள்ள வைத்தாள். அவர் வரும் நாளன்று விடிந்ததும் சகாயம்மாளின் பற்பொடி, சுண்ணாம்பு மட்டை, துடைப்பம் மூன்றையும் தன் வீட்டில் வைத்துப் பூட்டினாள். கூரையைத் தொடமாட்டேன் என்று வேளாங்கண்ணி மாதாமேல் சத்தியமும் வாங்கிக்கொண்டாள்.

சகாயம்மாள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேலே அப்பியதெல்லாம் உதிர்ந்து துருக்கம்பி பல்லிளித்தது. அதைப் பார்க்கப் பார்க்க, குளித்துக்கொண்டிருக்கும்போது கதவு திறந்துகொண்டதுபோல் கூசியது அவளுக்கு. கூரையைத் தொடமாட்டேன் என்றுதானே சத்தியம், கூரைக்குக் கீழே ஒன்றும் சொல்லவில்லையே என்று தோன்றியது. கல்யாணச் சேலையை எடுத்து, முக்காலிமேல் ஏறி, நாலு மூலை ஆணியிலும் பந்தல்போல இழுத்துக் கட்டினாள்.

அரசப்பன் உள்ளே வந்ததும் திகைத்தார். "வீட்ல ஏதும் விசேஷமா?"

"ஆமா சார்."

"என்ன விசேஷம்?"

"நீங்க வந்திருக்கீங்கல்ல."

வாசலில் நின்ற நீலாம்பாள் கண்ணை மூடிக்கொண்டாள். அரசப்பன் சேலைக்குக் கீழே உட்கார்ந்து காப்பி குடித்தார். பாதி டம்ளர் குடிப்பதற்குள் மேலிருந்து ஏதோ சேலையில் பொத்தென்று விழுந்தது. சேலை, பிள்ளை தூங்கும் தூளிபோல, அவர் தலைக்கு மேலே தொங்கியது. மூன்று பேரும் அண்ணாந்தார்கள்.

"பூனை சார்," என்றாள் சகாயம்மாள்.

அவர் எழுந்து, எட்டி, தூளியை விரலால் தட்டிப் பார்த்தார். 'டொக்' என்றது.

"செங்கல்லா தின்னு வளந்த பூனை போலருக்கு. சேலையை அவுருங்கம்மா."

வேறு வழியில்லை. முக்காலிமேல் ஏறி ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தாள். காரையும் துருவும் தரையில் கொட்டின. மேலே கம்பி முழுநீளத்துக்கும் தெரிந்தது. அரசப்பன் கம்பியைப் பார்த்துவிட்டு, மூலையில் சுருட்டியிருந்த பாயைப் பார்த்தார். அப்புறம், "இதுக்குக் கீழயா படுக்குறீங்க?" என்று மெதுவாகக் கேட்டார். முதல்முறையாக அவள் எதையும் மறைக்காமல் தலையாட்டினாள்.

அவர் அன்று எடுத்த படத்தை வைத்துத்தான் பணம் வந்தது. அடுத்த மழைக்கு முன் கம்பி மாற்றிப் புதுக் காரை பூசியாயிற்று. இப்போது ஒரு சொட்டு இறங்குவதில்லை. ஆனால் அந்தப் படத்தை எடுப்பதற்குள் அரசப்பனுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

"அப்படியே முக்காலிமேல நில்லுங்கம்மா. ஓட்டையும் தெரியணும், நீங்களும் தெரியணும்."

அவள் தலைமுடியை ஒதுக்கி, முந்தானையைச் சரிசெய்துகொண்டு நின்றாள். அவர் கேமராவைக் கண்ணருகே கொண்டுபோனார். சகாயம்மாள் சட்டென்று குதிகாலை உயர்த்தி, விழுவதா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்த ஒரு காரைத் துண்டை அதன் இடத்திலேயே பொருத்தி, ஒற்றை விரலால் அழுத்திப் பிடித்தபடி கேமராவைப் பார்த்துச் சிரித்தாள்.