பேர் சொல்ல மாட்டேன் என்று நின்றேன், ஆஞ்சநேயர் கைவிடவில்லை

போன மாரியில் என்னை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். களவெடுத்ததற்காக இல்லை. பிந்திப் போனதற்காகவும் இல்லை. வாயைத் திறக்காததற்காக. மருதனார்மடத்து ஆஞ்சநேயரை நம்பும் சகோதரங்களே, அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

என் பெயர் சிவமலர். எங்கள் ஊரில் நெல்லிரசம் போத்தலில் அடைக்கும் சிறிய தொழிற்சாலையில் லேபல் ஒட்டுகிறேன். என் கணவர் மேசன். கூரையிலிருந்து விழுந்து இடுப்பு உடைந்த பிறகு என் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது.

அந்த மாதம் எங்களுக்கு மேற்பார்வையாளராக உடுப்பிட்டி ஊரைச் சேர்ந்த தர்மினி என்ற பிள்ளையைப் போட்டார்கள். என் பக்கத்தில் இருந்து வேலை செய்யும் வசந்தி அந்தப் பதவி தனக்கு வரும் என்று நம்பியிருந்தவள். சாப்பாட்டு அறையில் அவள்தான் கதையைத் தொடங்கினாள். தர்மினிக்கும் மனேஜருக்கும் தொடர்பாம், அதனால்தான் பதவியாம்.

ஒருநாள் மழையில் பஸ்சுக்குப் பிந்திய தர்மினியை மனேஜர் மோட்டார் சைக்கிளில் ஏற்றிவந்து சந்தியில் இறக்கிவிட்டார். நானும் வசந்தியும் அங்கே நின்றோம்.

அடுத்த நாள் வசந்தி என்னிடம் வந்தாள். “அக்கா, நீங்களும் கண்டனீங்கள்தானே. நான் சொன்னால் பொறாமை எண்டுவினம். முதலாளி வரேக்கை அவரிட்டை நீங்கள் சொல்லுங்கோ.”

“இறக்கிவிட்டதைத்தான் கண்டனான். மிச்சத்தை நான் காணேல்லை. என்ரை வேலை போத்தலுக்கு லேபல் ஒட்டுறது, ஆக்களுக்கு இல்லை” என்றேன்.

அன்றிலிருந்து யாரும் என்னோடு இருந்து சாப்பிடவில்லை. மனேஜரின் ஆள் என்று எனக்குப் பட்டம் வைத்தார்கள். அதைவிடப் பெரிய வேடிக்கை பிறகு நடந்தது. கதை மனேஜரின் காதுக்கும் போய், அவர் என்னைக் கூப்பிட்டார்.

“ஆர் உந்தக் கதையைத் தொடக்கினது? உமக்குத் தெரியும். பேரைச் சொல்லும், இண்டைக்கே அவவை நிப்பாட்டுறன்.”

“தெரியும் சேர். சொல்ல மாட்டன்.”

“அப்ப வீட்டை நில்லும். பேர் சொல்ல மனம் வந்தால் வாரும்.”

வீட்டில் கணவருக்கும் கோபம். “அவள் உமக்குச் செய்ததுக்கு அவளின்ரை பேரைச் சொன்னால் என்ன?”

“அவளுக்காக இல்லை. இண்டைக்கு ஒரு பேர் குடுத்தால் ஒவ்வொரு மாதமும் என்னட்டைப் பேர் கேப்பார். அந்த வேலைக்கு நான் போகேல்லை.”

வீம்பாகச் சொல்லிவிட்டேன். ஆனால் குசினிக்குள் போய் அடுப்படியில் இருந்து அழுதேன். பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சனிக்கிழமை வெற்றிலை மாலையோடு கோயிலுக்குப் போனேன். இலங்கைக்குத் தூதாக வந்து, சொல்ல வேண்டியதை எவருக்கும் அஞ்சாமல் சொன்னவர் அல்லவா அவர். அவருக்கு முன்னால் நின்று சண்டை பிடிப்பதுபோலத்தான் கேட்டேன். “நான் வளைய மாட்டன். என்ரை வீட்டை நீதான் பாக்கவேணும்.” நெஞ்சு கொஞ்சம் இளகியது. வேறு ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த சனியும் போனேன்.

அதற்குப் பிறகு ஒரு பின்னேரம் வசந்தி எங்கள் வீட்டுப் படலையில் வந்து நின்றாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

“என்ரை பேரை நீங்கள் சொல்லேல்லையாம், அக்கா.”

“ஓம்.”

“உங்கடை இடம் வெறுமையாக் கிடக்க எனக்குச் சோறு இறங்கேல்லை. நேற்று முதலாளி வந்தவர். நான்தான் கதையைக் கட்டினது எண்டு சொல்லிப்போட்டன்.” அழத் தொடங்கினாள். “என்னைப் போத்தல் கழுவுற பக்கம் மாத்திப்போட்டார். உங்களை மறிச்சதுக்கு மனேஜருக்கும் நல்ல ஏச்சு. நாளைக்கு உங்களை வேலைக்கு வரச்சொன்னவர்.”

அவளை அந்தப் படலைவரை கூட்டிவந்தது யார் என்று எனக்குத் தெரியும்.

திரும்பப் போனேன். மனேஜர் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. மத்தியானம் தர்மினி தன் சாப்பாட்டை எடுத்துவந்து என் பக்கத்தில் இருந்து சாப்பிட்டாள். சாப்பாட்டு அறையில் இப்போதும் கதை நடக்கிறது. முன்பு நான் தலையைக் குனிந்துகொண்டு கேட்டிருப்பேன். இப்போது எழும்பிப் போய்விடுகிறேன்.

சகோதரங்களே, வேலை போய்விடும் என்ற பயத்தில் இன்னொருவரின் பேரை விற்காதீர்கள். எங்களுக்குப் படியளப்பது மனேஜரும் இல்லை, சாப்பாட்டு அறைக் கூட்டமும் இல்லை. சனிக்கிழமைகளில் நான் அந்தச் சந்நிதியில்தான் நிற்பேன். வேலையிடத்தில் தனித்துப்போனவர்கள் வந்து என் பக்கத்தில் நில்லுங்கள்.