பின் சீட்டில் கட்டிய துணி

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு லாட்ஜ் வேலையை உதறிவிட்டுப் பையோடு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துகொண்டிருந்தேன். பழைய கார் ஒன்று உறுமிக்கொண்டு கடந்தது. கண்ணை எரிக்கிற அந்தப் பச்சைப் பெட்ரோல் வாடை, ஒருகாலத்தில் நான் ஓட்டிய வேனுடையது.

ஒன்பதாம் வகுப்போடு ஊர் சுற்றக் கிளம்பியவன் நான். அலைந்து திரிந்து ராஜபாளையம் வந்து சேர்ந்தபோது அந்தப் பழைய வேனை வாங்கினேன். மில் பெண்கள் ஆறு பேரை ஷிப்டுக்கு ஏற்றி இறக்குவேன். சோறு அதில்தான். மேட்டைக் கண்டால் வேன் துள்ளும். "பழைய வண்டின்னு எவனாவது சொல்லுவானா?" என்பேன் கண்ணாடியைப் பார்த்து. பின்னால் எல்லாரும் மூக்கில் துணியைக் கட்டியபடி தலையாட்டுவார்கள். பஞ்சுத் தூசிக்காக மில்லில் கட்டியதை அவிழ்க்க மறந்துவிட்டார்கள் என்று கேலிகூடச் செய்திருக்கிறேன்.

மில் லீவன்று அவர்களை வத்திராயிருப்புக்கு ஒரு கல்யாணத்துக்கு அழைத்துப் போனேன். வண்டித் தகுதிச் சான்று, எஃப்.சி., எடுக்கவேண்டியிருந்ததால், வழியில் புகை சோதனைக்கு நிறுத்தினேன். சோதனைக்காரர் குனிந்து வண்டியின் அடியைப் பார்த்தார்.

"கன்வெர்ட்டரையே வெட்டி எடுத்திருக்காவ அண்ணாச்சி. புகையில உள்ள விஷத்தக் கொறைக்கிற டப்பா அது. இங்க வெறும் பைப்புதான் கெடக்கு."

வண்டி சீறிப் பாயட்டும் என்று எனக்கு விற்றவன் பிக்கப்புக்காகச் செய்த வேலை. நான் பெருமையடித்த துள்ளல் அதுதான். புது டப்பா மாட்ட எனக்கு வக்கில்லை.

"பக்கத்துல நிக்குற புது வண்டியில குழாயச் சொருகி பாஸுன்னு சீட்டு தாரேன். எவனுக்குத் தெரியும்?" என்றார்.

தலையாட்டப் போனவன் வேனைத் திரும்பிப் பார்த்தேன். பட்டுச்சேலை, தலை நிறைய மல்லிகை, மூக்கில் துணி. ஆறு பேரும்.

"இன்னைக்கு மில்லு இல்லையே, எதுக்குத் துணி?"

அவர்களில் மூத்தவள் முத்துலட்சுமி சொன்னாள்: "மில்லுக்குக் கட்டுறது வேற துணிண்ணே. இது ஒங்க வண்டிக்கு."

"ஏட்டி, சும்மா இரு!" என்றாள் ஒருத்தி.

"எம்புட்டு நாளைக்கு? தலையில வச்ச பூவு வாசம்கூடத் தெரியல" என்றாள் முத்துலட்சுமி.

எல்லாரும் சிரித்தார்கள். முன் சீட்டில் ஜன்னல் காற்று வாங்கிக்கொண்டு போனவன் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது? சீட்டு வேண்டாமென்றேன். அவர்களை வத்திராயிருப்பு பஸ்ஸில் ஏற்றிவிட்டு, வேனைப் பழைய இரும்புக்கடையில் விட்டுவிட்டு நடந்தேன்.

இப்போது மில்லுக்கே பஸ் ஓடுகிறது. சோதனை போட்ட இடத்தில் செல்போன் கடை. கண்ணாடியில் தினமும் பார்த்த ஆறு பேரில் யாருடைய முழு முகமும் எனக்கு நினைவில் இல்லை.

அன்று வேனை விட்ட மறுநாள் காலை அதே மில்லில் பஞ்சுத் தூசி கூட்டும் வேலைக்குப் போனேன். முத்துலட்சுமி ஒரு துணியை நீட்டினாள்.

"கட்டிக்கோங்கண்ணே. இதுதான் மில்லுத் துணி."