யோகட் கப்பின் கீழே

அந்த ஞாயிறு காலை எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டில் இருந்தவர்கள் இவர்கள். அப்பா. அப்பாவின் அக்கா, எனக்கு மாமி. நான், எட்டு வயது. நீலப் பேசனில் ஒரு ஆண் பைட்டர் மீன். அதே பேசனுக்குள் நிறுத்திவைத்த ஜாம் போத்தலில் ஒரு பெண் மீன். கதவடியில் மாமியின் கறுப்புப் பை.

அம்மா இல்லை. குவைத்தில் வீட்டு வேலைக்குப் போய் ஒரு வருடம் முடிந்திருந்தது. இன்னும் ஒரு வருடம் கிடந்தது.

மாமி முதல் நாள்தான் பாமன்கடையிலிருந்து வந்திருந்தார். வந்தது என்னைக் கூட்டிக்கொண்டு போக. அம்மா திரும்பும்வரை நான் அவர் வீட்டில் இருக்க வேண்டும் என்று அவரே முடிவெடுத்துவிட்டார்.

"ஆம்பிளை ஒருத்தனால பொம்பிளைப் பிள்ளையை வளர்க்க ஏலாது," என்றார். "இவளின்ட தலையைப் பார். காகம் கூடு கட்டினது மாதிரி."

தலை இழுத்துப் பின்னியது அப்பாதான். ஒரு பின்னல் மேலே நின்றது, ஒன்று கீழே.

அப்பா பேசனைப் பார்த்தார். "இந்த மீன் குஞ்சு பொரிக்கட்டும் அக்கா. வியாழன் பார்ப்பம்," என்றார்.

எனக்குப் போக விருப்பமில்லை. அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

மீன் சோடியைத் தந்தது கீழே வளர்ப்பு மீன் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா. அவர் சொன்னபடியே அப்பா எல்லாம் செய்தார். கொட்டங்காய் என்கிற நாட்டு வாதுமையின் காய்ந்த இலை ஒன்றைப் பேசனில் போட்டார். தண்ணீர் பால் விடாத பிளேன்ரீ நிறத்துக்கு வந்தது. யோகட் கப் ஒன்றை நெடுக்காக வெட்டி, பாதியைக் கவிழ்த்து மிதக்கவிட்டார். அதன் கீழே ஆண் மீன் வாயால் குமிழி விட்டு விட்டு நுரையில் கூடு கட்டியது. ஒரு நாள் முழுக்கக் கட்டியது. இடையில் போத்தலடிக்கு வந்து செட்டையை விரித்துக் காட்டிவிட்டுப் போகும். பெண் மீன் கணக்கெடுக்கவில்லை. ஞாயிறு விடிய அதன் உடம்பில் மேலிருந்து கீழாக வெள்ளைக் கோடுகள் விழுந்திருந்தன. அப்படியென்றால் சம்மதமாம். அப்பா போத்தலைச் சரித்து அதை வெளியே விட்டார்.

கொஞ்ச நேரம் துரத்தல். பிறகு ஆண் மீன் கூட்டுக்குக் கீழே பெண் மீனை வளைத்துச் சுற்றிக்கொண்டது. மாமி என் கண்ணைப் பொத்தினார்.

"சின்னப் பிள்ளை பார்க்கிற காரியமா இது?"

"மீன்தானே அக்கா."

"மீன் என்டால்? ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமா. நீ பூசைக்கும் போகேல்ல."

விரல் இடுக்கால் பார்த்தேன். மாமியும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ரவை மாதிரி முட்டைகள் விழுந்தன. பெண் மீன் மயங்கினதுபோல மிதந்தது. ஆண் மீன் கீழே இறங்கி முட்டைகளை வாயால் பொறுக்கிக்கொண்டு யோகட் கப்பின் கீழே போய் வந்தது. மதியம் எல்லாம் முடிந்ததும் அப்பா பெண் மீனைத் திரும்பவும் ஜாம் போத்தலில் போட்டு ஜன்னலில் வைத்தார்.

திங்கள் போயா, பௌர்ணமி. பள்ளிக்கூடம் லீவு. அப்பா வேலை செய்த ஹாபரில் லீவு இல்லை. அப்பா காலை ஷிப்டுக்குப் போனார். பேசனில் கை வைக்க வேண்டாம் என்றார். அவர் காரணம் சொல்லும் ஆள் இல்லை.

நானும் மாமியும் பேசனடியில் இருந்தோம். கூட்டிலிருந்து ஒரு முட்டை நழுவி விழுந்தது. ஆண் மீன் பாய்ந்து அதை வாயில் எடுத்தது. இன்னொன்று விழுந்தது. அதையும் எடுத்தது.

"மாமி, தின்னுது."

மாமி குனிந்து பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். "அங்க தாய் போத்தலுக்குள்ள நிக்குது. இஞ்ச இவன் தின்னுறான். தாய் இல்லாமல் குஞ்சு எப்பிடி வளரும்? போடு மகள், தாயைப் போடு."

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. போட்டேன்.

தாய் நேரே கூட்டுக்குப் போய் முட்டைகளைத் தின்னத் தொடங்கியது. அது ஒன்றையும் துப்பவில்லை. விழுங்கியது. ஆண் மீன் அதன் வாலைக் கிழித்தது. பாதிக் கூடு கலைந்தது. மாமி அகப்பையால் தண்ணீரில் அடித்தார். மற்றப் பாதியும் கலைந்தது. நான் மூன்று மாடியும் இறங்கி நானாவிடம் ஓடினேன்.

நானா சின்ன வலையோடு வந்து தாயைப் பிடித்துப் போத்தலில் விட்டார்.

"ஆரு போட்டது?"

நான் மாமியைப் பார்த்தேன்.

"நான்தான்," என்றார் மாமி.

"அக்கா, இதுல தாய்ட வேல முட்டையோட முடிஞ்சி. மிச்சம் இவன்ட டியூட்டி. இவன் திங்கல்ல. விழுறத வாயில எடுத்துத் திரும்பக் கூட்டுல வெக்கிறான்."

எனக்கு நானாமேல் கோபம் வந்தது. எந்தத் தாயின் வேலையும் முடிவதில்லை என்று அவரிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது.

மூன்று மணிக்கு அப்பா வந்தார். நடந்ததை மாமியே சொன்னார். அப்பா ஒருவரையும் ஏசவில்லை. சட்டையைக்கூட மாற்றாமல் பேசனடியில் குந்தினார். ஆண் மீன் புதிதாகக் குமிழி விடத் தொடங்கியிருந்தது. அடியில் கிடந்த முட்டைகளைத் தேடித் தேடி மேலே கொண்டுபோனது.

மாமியும் வந்து குந்தினார். கனநேரம் பார்த்தார்.

"இது சாப்பிடாதா?"

"குஞ்சு நீந்துற வரைக்கும் சாப்பிடாது."

மாமி அப்பாவின் பக்கம் திரும்பினார். "நீ சாப்பிட்டியா?" என்றார்.

அப்பா இல்லையென்று தலையாட்டினார். மாமி எழும்பிப் போய்ச் சோறு போட்டார்.

செவ்வாய் பொரித்தது. இமை மயிர் அளவு குஞ்சுகள் வால் கீழே இருக்கக் குமிழிகளில் தொங்கின. விழுந்தவற்றைத் தகப்பன் வாயில் எடுத்து மறுபடி தொங்கவிட்டது. வியாழன் காலை அவை நேராக நீந்தின.

மாமி பையைத் தூக்கினார். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றேன்.

"நீ எங்க வெளிக்கிட்டனீ?" என்றார். பையை வைத்துவிட்டு என் தலையை அவிழ்த்தார். அப்பாவைக் கூப்பிட்டார். "வடிவாப் பார். மூண்டாப் பிரி. இழுத்து இறுக்காத. இப்ப மற்றப் பக்கம் நீ பின்னு."

அப்பா பின்னினார். மாமி அவிழ்த்தார். அப்பா திரும்பவும் பின்னினார். மாமி பஸ்ஸுக்குப் போனார்.

மீனைப் பார்த்த புதினத்தில் மாமி என்னை மறந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். அந்தப் பைக்குள் பாமன்கடைப் பள்ளிக்கூடத்து டையும் என் அளவில் தைத்த வெள்ளைச் சட்டையும் இருந்ததாம். நான் கலியாணம் முடித்த பிறகுதான் மாமி சொன்னார்.

இரண்டு ஞாயிறு கழித்து மாமி மறுபடி வந்தார். கையில் பை இல்லை. பேசனுக்குத் தண்ணீர் மாற்ற, குஞ்சுகளைத் தேக்கரண்டியால் ஒவ்வொன்றாக அள்ளி வேறு பேசனில் விட்டுக்கொண்டிருந்தார். அப்போது அம்மாவின் கோல் வந்தது. அப்பா ஸ்பீக்கரில் போட்டார்.

"பிள்ளை உங்களோடதானா?" என்றார் அம்மா.

"இஞ்சதான்," என்றார் அப்பா.

மீன் கதையை அப்பா முந்தின கோலிலேயே சொல்லியிருந்தார். அம்மா கேட்டார்: "குஞ்சு எத்தினை மிஞ்சினது?"

மாமி போனைத் தன் பக்கம் இழுத்தார். "பொறு, எண்ணிக்கொண்டிருக்கிறன். குழப்பாத."

அம்மா பொறுத்தார். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. குவைத்தில் அம்மாவுக்குச் சளித் தடிமன் என்று நினைத்தேன். மாமி கடைசிக் கரண்டியைக் கவிழ்த்தார். போனில் சொன்னார்.

முப்பத்தெட்டு.