நான்காய் மடித்த சாக்கு

என் கணவருக்குப் பொறுமை என்ற சாமான் பிறவியிலேயே கிடையாது. கடையில் பாண் வாங்க வரிசையில் நிற்கச் சொன்னால் பாதியில் திரும்பி வந்து, "நீர் வீட்டில ரொட்டியைச் சுடும், அதுதான் நல்லது" என்பார். அந்த மனுசன்தான் ஒருநாள், சிநேகிதர் ஒருவரின் பழைய மோட்டார் சைக்கிளை இரவல் வாங்கி வந்து வாசலில் நிறுத்திவிட்டு, "வெளிக்கிடும். இலங்கைத்துறைக்குப் போய் நாலு நாள் இருந்திட்டு வருவம்" என்றார். எழுபதுகளின் நடுப்பகுதி அது. பெட்ரோல் விற்கிற விலையில் உல்லாசப் பயணம் போக நாங்கள் என்ன துரைமாரா என்று கேட்டேன். அவர் குனிந்து சில்லில் காற்றுப் பார்த்தார்.

காரணம் எனக்குத் தெரியும். முந்தின கிழமை சொந்தத்தில் ஒரு குழந்தையின் முப்பத்தோராம் நாள் சடங்குக்குப் போயிருந்தோம். குழந்தையை நான் மடியில் வாங்கி ஒரு நிமிடம் ஆகவில்லை, தாயின் மாமியார் வந்து, "தாரும் பிள்ளை, பால் குடிக்கிற நேரம்" என்று தூக்கிக்கொண்டு போய்விட்டார். அது அப்போதுதான் வயிறு நிறையக் குடித்து முடித்திருந்தது. எங்களுக்குக் கலியாணமாகி எட்டு வருடம், பிள்ளை இல்லை. வீட்டுக்கு வந்து குசினிக்குள் அடுப்படியில் இருந்து அழுதேன். இவர் கதவடியில் நின்று பார்த்தார், பிறகு வெளியே போய்விட்டார். அந்தப் போக்கில் இரவல் வாங்கியதுதான் இந்தச் சைக்கிள். அவருக்குத் தெரிந்த ஆறுதல் அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலை ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு அன்புவழிபுரத்திலிருந்து வெளிக்கிட்டோம். தெற்கே கடலோர ஊரான இலங்கைத்துறையில் படிப்பிக்கிற நண்பர் ஒருவர், விடுமுறைக்குத் தன் ஊருக்குப் போகும்போது வீட்டுத் திறப்பைத் தந்திருந்தார். ஆகவே தங்குகிற செலவில்லை. அந்தக் காலத்தில் தெற்கே போகிற கரையோரத் தெருவில் பாலங்கள் இல்லை. கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி என்று ஒவ்வொரு நீரையும் பாதையில்தான் கடக்க வேண்டும். பாதை என்று எங்கள் பக்கத்தில் சொல்வது லொறி, வண்டில், ஆடு, ஆள் எல்லாவற்றையும் ஏற்றி அக்கரை சேர்க்கிற தட்டையான மிதவையை.

கிண்ணியாத் துறையடிக்கு நாங்கள் போய்ச் சேரப் பாதை நிரம்பிவிட்டது. வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகை நேரம். இந்தத் தடவை அக்கரைக்குப் போனால் தொழுகை முடிந்துதான் திரும்பி வரும். எங்களுக்கு முன்னால் வேறு ஏழெட்டுப் பேர் நின்றார்கள். பாதைக்கார நானாவுக்கு, முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், நாற்பது வயதிருக்கும். கையை விரித்து, "இனி ஏலாது தம்பி. தொழுதிட்டு வாறம்" என்றார்.

அப்போதுதான் இவர் அந்தப் பொய்யைச் சொன்னார். "நானா, வீட்டுக்காரி பிள்ளைத்தாய்ச்சி. இந்த வெயிலுக்க நிக்க மாட்டா."

பிள்ளைத்தாய்ச்சியைத் துறையில் காக்க வைப்பதில்லை. அந்தக் கரை முழுவதும் அது எழுதாத சட்டம். நானா உடனே ஒரு ஆட்டுக்காரரை அவருடைய ஐந்து ஆடுகளோடும் இறக்கினார். ஆட்டுக்காரர் முணுமுணுக்கவில்லை, "பாத்து ஏறுங்க புள்ள" என்று வழிவிட்டார். நானா ஒரு சாக்கை நான்காய் மடித்து, ஓரப் பலகையில் போட்டு, கையால் தட்டிப் பார்த்து, "இதில இரிங்க தங்கச்சி" என்றார். நான் அதில் போய் இருந்தேன். எட்டு வருடமாய்க் கோயில் கோயிலாய்க் கேட்டும் கிடைக்காததை இந்த மனுசன் ஒரு வரிசையைத் தாண்டுவதற்காக எடுத்து வீசிவிட்டாரே என்று வயிறு எரிந்தது.

அக்கரையில் இறங்கி, ஆட்கள் இல்லாத இடம் வந்ததும் பிடித்தேன். "உங்கட வாயில வேற பொய் வரேல்லையோ? காய்ச்சல் எண்டு சொல்லியிருக்கலாம். செத்த வீடு எண்டு சொல்லியிருக்கலாம்."

"வாயில வந்திட்டுது" என்றார். அதற்குப் பிறகு நான் அவரோடு கதைக்கவில்லை.

நடுவில் சைக்கிள் ரியூப் வேறு காற்றுப் போய்விட்டது. மணலில் குந்தியிருந்து அவர் ஒட்டுப் போட்டு முடிப்பதற்குள், எங்களோடு பாதையில் வந்த லொறி முந்திப் போய்விட்டது. லொறிக்காரர் சும்மா போகவில்லை, எங்கள் கதையையும் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். உப்பாற்றில் எங்களைக் கண்டதும், "கிண்ணியாவால வந்த பிள்ளைத்தாய்ச்சி இவதான்" என்று எல்லாரும் விலகி நின்றார்கள். கங்கையில் கச்சான் கடலை விற்றுக்கொண்டிருந்த ஒரு மனுசி, உப்புத்தூள் பூசிய மாங்காய் ஒன்றை என் கையில் வைத்து, "இது எத்தினையாவது மாசம் மகள்?" என்று கேட்டார்.

"மூண்டு" என்றேன்.

இவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்காமல் மாங்காயைக் கடித்தேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. வெட்கமில்லாமல் பிடித்திருந்தது. இறால்குழிப் பாதையில் என் கை தானாக வயிற்றில் போய் இருந்தது. அதற்குப் பிறகு பள்ளம் திட்டி வந்த இடமெல்லாம் இவர் சைக்கிளை மெதுவாக்கினார். பொய் அவரையும் பிடித்துக்கொண்டது.

இலங்கைத்துறையில் எங்கள் கதை யாருக்கும் தெரியாது. பக்கத்து வீட்டில் மீன் தந்தார்கள். கூரை ஒழுகியது. கடல் முழங்காலளவில் தெளிந்து கிடந்தது. எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ஒருவரும் எனக்காக எழும்பி இடம் விடவில்லை. அது எனக்குக் குறையாக இருந்தது. இரண்டாம் நாள் பின்னேரம் கரையில் இருந்தபோது இவர், "தெரியாமல் சொல்லிப்போட்டன். மன்னியும்" என்றார்.

"நீங்கள் ஒருக்காத்தான் சொன்னீங்கள். நான் அதுக்கு மாசக் கணக்கும் வச்சுப்போட்டன்" என்றேன். சிரிக்க வைக்கத்தான் சொன்னது. அவர் அழுதுவிட்டார். "எனக்கும் ஆசைதானே" என்றார். எட்டு வருடத்தில் அந்தச் சொல்லை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. எனக்கு மட்டும்தான் அந்தக் கவலை என்று நினைத்துக்கொண்டு நான் குசினியில் தனியே அழுதிருக்கிறேன். அன்றைக்கு அவருடைய தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டேன். யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்றிருந்தது.

திரும்பும்போது அவர், "மூதூரில லாஞ்சி ஏறினால் நேர டவுனுக்குப் போயிடலாம்" என்றார். லாஞ்சி கடல்வழியால் போகிற மோட்டார்ப் படகு, அதில் ஏறினால் துறைகள் ஒன்றும் வராது. பாதைக்காரரின் முகத்தில் முழிக்கப் பயம்.

"சைக்கிளுக்குக் கூலி ஆர் குடுக்கிறது?" என்றேன். கூலி ஒரு சாட்டு. அந்த மடித்த சாக்கு எனக்குள் உறுத்திக்கொண்டிருந்தது.

எல்லாத் துறையிலும் வரிசையிலே நின்று வந்தோம். கிண்ணியாவில் நானா எங்களைத் தூரத்திலேயே கண்டுவிட்டார். "என்ன தங்கச்சி, வரிசையில நிக்கிறீங்க? முன்னால வாங்க."

நான் அவருக்குக் கிட்டப் போனேன். "நானா, அண்டைக்கு இவர் சொன்னது பொய். எனக்குப் பிள்ளை ஒண்டும் இல்லை. கலியாணமாகி எட்டு வருசம். ஆட்டுக்காரரையும் இறக்கி விட்டீங்கள். அதைச் சொல்லத்தான் இந்த வழியால வந்தனாங்கள்."

இவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். ஏச்சு விழும் என்று நானும் காத்திருந்தேன். நானா பாதையின் கயிற்றை முளையில் சுற்றிவிட்டு வந்தார்.

"எங்களுக்குப் பதினாலு வருசம் தங்கச்சி" என்றார். "பாதையில பிள்ளைத்தாய்ச்சி யாரும் வந்தா ஊட்ட போய் எண்ட பொஞ்சாதிக்கிட்ட சொல்லுவன். நல்லபடியாப் பெத்துப் பிழைக்கோணும் எண்டு அவ துஆக் கேப்பா. உங்களுக்கும் வெள்ளிக்கிழமையில இருந்து கேட்டுக்கொண்டுதான் இரிக்கிறா."

"இனி அவவிட்ட என்ன சொல்லப் போறீங்கள்?" என்று கேட்டேன்.

"ஒண்டும் சொல்ல மாட்டன். அவ கேக்கட்டும்" என்றார். பிறகு கையால் வரிசையைக் காட்டினார். "உங்கட முறை வர ஏறுங்க."

எங்கள் முறை வர ஒரு மணித்தியாலம் பிடித்தது. பொறுமை இல்லாத என் மனுசன் அந்த ஒரு மணித்தியாலமும் சைக்கிளைப் பிடித்தபடி அசையாமல் நின்றார். ஏறிப் பார்த்தால், ஓரப் பலகையில் அதே இடத்தில் அந்தச் சாக்கு நான்காய் மடித்துக் கிடந்தது. நானா அதைக் கையால் தட்டி, "இரிங்க தங்கச்சி" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார். நான் உட்கார்ந்தேன்.